ரயிலில் ஏறத் தடை... நடந்தே ஊர் ஊராகப் போன சுப்பிரமணிய சிவா: தொழுநோய் அவரை என்ன செய்தது?

வ.உ.சி, பாரதி பெயர்களைச் சொன்னால் அடுத்து நினைவுக்கு வரும் பெயர் சுப்பிரமணிய சிவா. விடுதலைப் போராட்ட வீரர் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். ஆனால், 40 வயதில் இறந்த அந்த மனிதர் கடைசிப் பத்தாண்டுக்கும் மேல் தொழுநோயோடுதான் வாழ்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது. வெள்ளையர் அரசு அவரைப் பொது வாகனத்தில் ஏற விடாததற்குக் காரணமாகச் சொன்னதும் அந்த நோயைத்தான்.

யார் இந்த சிவா?

1884 அக்டோபர் 4-ம் தேதி வத்தலக்குண்டில் பிறந்தவர். இளம் வயதில் திருவனந்தபுரத்தில் இருந்தபோது மேடையேறிப் பேசத் தொடங்கினார். பேச்சு சூடாக இருந்ததால் திருவிதாங்கூர் சமஸ்தானம் அவரை வெளியேற்றியது. அங்கிருந்து தமிழகம் வந்தவர், 1908-ல் தூத்துக்குடியில் வ.உ.சி.யோடு கைகோத்தார். அந்த ஆண்டு கோரல் மில் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்கு இருவரும் துணை நின்றார்கள்.

அதே ஆண்டு மார்ச் 12-ல் இருவரும் கைதானார்கள். சிவாவுக்கு ராஜதுரோகக் குற்றத்துக்காக 10 ஆண்டு நாடு கடத்தல் தண்டனை. மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது. சிறைக்குள் போனபோது அவருக்கு வயது 23தான்.

சிறையில் நடந்தது என்ன?

சேலம் சிறையில் ஆட்டு ரோமத்தைச் சுத்தம் செய்யும் கம்பளி வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அந்த வேலையால்தான் தொழுநோய் வந்தது என்று இன்றும் பேசப்படுகிறது.

மருத்துவம் சொல்வது வேறு. தொழுநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா. நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-லேயே அதைக் கண்டறிந்துவிட்டார். கிருமி உடலில் புகுந்த பிறகு அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும், சிலருக்கு 20 ஆண்டுகள் கூட ஆகலாம். ரோமமோ சுண்ணாம்போ தோலைப் புண்ணாக்கலாம், தொழுநோயைக் கொண்டுவராது. அதற்காகச் சிறையின் கொடுமை குறைந்துவிடாது. நெரிசலும் பட்டினியும் உடலின் எதிர்ப்புச் சக்தியை அடித்து வீழ்த்தும் விஷயங்கள்.

1912 நவம்பரில் விடுதலையானபோது வெளியே வந்தது நோயாளி சிவா.

வலியில்லாத நோய் ஏன் ஆபத்து?

தொழுநோய் தோலையும் நரம்பையும் பிடிக்கும். கிருமியை எதிர்த்து நம் உடலே நடத்தும் சண்டையில் நரம்பு வீங்கிச் சேதமாகிறது. முதலில் தோலில் உணர்ச்சி இல்லாத தேமல். பிறகு விரல் நுனி மரத்துப் போகும். சூடு பட்டாலும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. புண் மேல் புண்ணாகி விரலே சிதைந்துவிடும்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கை மாதிரியான நெசவுப் பகுதியில் யோசித்துப் பாருங்கள். அறுந்த பட்டு இழையை எடுத்து முடிச்சுப் போட விரல் நுனிதான் வேண்டும். அந்த உணர்வு போனால் பிழைப்பே போச்சு.

சிவா காலத்தில் சரியான மருந்து கிடையாது. நீரடிமுத்து எண்ணெய் போன்றவற்றைத்தான் கொடுத்தார்கள். டாப்சோன் மாத்திரை தொழுநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது 1940-களில். அதற்குள் சிவா இறந்து சுமார் 20 ஆண்டுகள் ஓடிவிட்டன.

ரயில் தடை

உடல் புண்ணானாலும் சிவா ஓயவில்லை. 1913-ல் ‘ஞானபானு’ இதழைத் தொடங்கினார். பாரதியும் அதில் எழுதினார். 1921-ல் மறுபடியும் சிறை.

இந்தக் காலத்தில்தான் தொற்றுநோயாளி என்று காரணம் காட்டி, ரயிலில் போகக் கூடாது என்று அரசு தடை போட்டது. மேடைப் பேச்சாளரை முடக்க இதைவிடச் சுலபமான வழி ஏது? சிறையில் அடைக்க வழக்கு வேண்டும், சாட்சி வேண்டும். நோயாளியை ஒதுக்க எதுவும் வேண்டாம், ஊரே ஒத்துழைக்கும். புண்ணோடு கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் போய்ப் பேசினார் சிவா.

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட நினைத்தார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புவதைப் பார்க்க சிவாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1925 ஜூலை 23-ல் அங்கேயே உயிர் பிரிந்தது. இன்று அந்த ஊரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

அதன் பிறகு என்ன மாறியது?

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையை 1955-ல் மத்திய அரசு ஏற்று ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. 1980-களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. 6 முதல் 12 மாதம் மாத்திரை சாப்பிட்டால் நோய் குணமாகும். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குப் பரவுவதும் நின்றுவிடும்.

சட்டம்தான் மெதுவாக நகர்ந்தது. நோயாளிகளைப் பிடித்து அடைக்க வழி செய்த 1898-ம் ஆண்டு சட்டம் நீக்கப்பட்டது 2016-ல். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க முடியாது என்று திருத்தம் வந்தது 2019-ல். சிவா இறந்து 94 ஆண்டுகள் கழித்து!

சொரியாசிஸ், வெண்புள்ளி, எக்சிமா இருப்பவர்களும் இதே ஒதுக்கலைச் சந்திக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும், சலூனில் மூஞ்சியைச் சுளிப்பார்கள். இவை மூன்றுமே தொற்றாது. தொட்டாலும் ஒட்டாது.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

* தோலில் வெளிர் அல்லது சிவந்த தேமல், அதில் தொடு உணர்ச்சி இல்லை

* கை, கால் மரத்துப் போவது, விரல் மடங்குவது

* காலில் வலியில்லாத ஆறாத புண்

இதில் ஒன்று இருந்தாலும் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். விரல் மரத்துப் போகும் முன்பே போனால், ஊனம் வராமல் தடுக்கலாம்.