சோயிச்சிரோ ஹோண்டா

ஜப்பான் தேசத்தில் ஹமாமத்ஸு நகரை அடுத்த கோமியோ என்னும் சிற்றூரிலே, 1906-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் தேதி, ஒரு கருமானுடைய இல்லத்திற் பிறந்தார் சோயிச்சிரோ ஹோண்டா. தந்தையின் பட்டறையே அவருக்கு முதற் பள்ளிக்கூடமாயிற்று. ஏட்டுக் கல்வியில் மனம் செல்லவில்லை. 1922-இல் டோக்கியோவிலுள்ள மோட்டார் பழுதுபார்க்கும் நிலையமொன்றில் தொழில் பயிலச் சேர்ந்து, ஆறாண்டு கழித்து ஹமாமத்ஸுவில் அதன் கிளையைத் தொடங்கினார்.

பின்னர்ப் பிஸ்டன் வளையங்கள் செய்யத் தலைப்பட்டார். எத்துணை முயன்றும் அவை செவ்வையாக அமையவில்லை. உலோகத்திற் சிலிக்கன் குறைவென்று அறிஞர் ஒருவர் காட்டியபொழுது, தம் அறியாமை அவருக்குப் புலனாயிற்று. முப்பது வயதெய்திய அம்முதலாளி, உள்ளூர்த் தொழிற்கல்லூரியில் இளைஞரோடு அமர்ந்து பாடங்கேட்டார். பரீட்சை எழுதாமையாற் பட்டம் கிட்டவில்லை, அறிவு கிட்டிற்று, வளையங்களும் அமைந்தன.

மகாயுத்தத்தாலும் 1945-இல் நிகழ்ந்த பூகம்பத்தாலும் அவ்வாலை சிதைந்தது. மறு ஆண்டே, சேனையினர் விட்டுச்சென்ற சிறு எஞ்சின்களைச் சைக்கிள்களிற் பூட்டி விற்கலானார். 1948-இல் தம் பெயரால் கம்பெனி நிறுவினார். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த தகேயோ புஜிசாவா வரவு செலவைக் கவனிக்க, இவர் எஞ்சினைக் கவனித்தார்.

1954-இல் கம்பெனி கடனில் மூழ்கும் நிலையெய்தியது. அவ்வாண்டிலேயே, மான் தீவின் மோட்டார் சைக்கிள் பந்தயத்திற் கலந்துகொள்வதாக ஹோண்டா அறிவித்தார். நேரிற் சென்று நோக்கியபோதோ, ஐரோப்பிய வண்டிகளின் ஆற்றல் தம் வண்டிகளினும் பன்மடங்கு மிக்கிருக்கக் கண்டு திடுக்குற்றார். ஆயினும் வாக்கை மீறவில்லை. 1959-இல் அவர் வண்டிகள் அங்கு ஓடின. 1961-இல் 125, 250 கன சென்டிமீட்டர்ப் பிரிவுகள் இரண்டிலும் முதல் ஐந்து இடங்களையும் அவையே கைக்கொண்டன.

பந்தயத்திற் கற்றதை யாவரும் ஓட்டும் வண்டியில் அமைக்க விழைந்து, 1965-இல் சி.பி. 450 என்னும் நடுத்தர மோட்டார் சைக்கிளை அவர் கம்பெனி வெளியிட்டது. அதன் எஞ்சின் 444 கன சென்டிமீட்டரே எனினும், ஆங்கிலேயரின் 650 வண்டிகளோடு போட்டியிடவே அது பிறந்தது. உருளைகள் இரண்டின் தலைமீதும் இரு காம் தண்டுகள் சுழன்றன. வால்வுகளை மூடுதற்குச் சுருள்வில்லுக்குப் பதிலாக முறுக்குக் கம்பிகள் அமைந்தன. அமெரிக்காவில் அது எதிர்பார்த்தவாறு விற்கவில்லை. அங்குள்ளோர் பெரிய வண்டியையே வேண்டினர். அக்குறையை உணர்ந்து செய்ததே, நான்கு உருளைகளுடன் 1969-இல் வெளிவந்து உலகை வியப்பித்த சி.பி. 750.

1973-இல் ஹோண்டாவும் புஜிசாவாவும் ஒருங்கே ஓய்வு பெற்றனர். 1991 ஆகஸ்டு 5-இல் ஹோண்டா காலமானார். தோல்வி நேர்ந்தபோதெல்லாம் அதன் காரணத்தைத் தேடிக் கற்க அவர் வெட்கியதில்லை. கல்லூரியில் வாழும் நாம் அவர்பாற் கொள்ளத்தக்க பாடம் அதுவேயாம்.