சேலம் நகராட்சியில் இராஜாஜி

இராஜாஜி (1878–1972) என்றதும் முதலமைச்சரும் கவர்னர் ஜெனரலும் நினைவுக்கு வருகின்றனரேயன்றி, நகராட்சித் தலைவர் வருவதில்லை. தொரப்பள்ளியில் பிறந்து, 1900 முதல் சேலத்தில் வழக்குரைஞராக விளங்கிய அவர், 1911இல் நகராட்சி உறுப்பினரானார்; 1917 முதல் 1919 வரை தலைவராக இருந்தார்.

குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு ஆகியன ஒரு தெருவை எட்டினவா என்று மன்றத்தில் வினவும் வாய்ப்பு உறுப்பினருக்கே உண்டு. வரியும் சொத்தும் தகுதியாக இருந்த அம்மன்றத்தில் சேரியின் சார்பில் வினவ எவருமில்லை. இவர் காலத்தில், இவர் முயற்சியால், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் முதன்முறையாக உறுப்பினரானார். அதனால் சேரித் தெருக்கள் உடனே மாறின எனக் கொள்ள இடமில்லை. எனினும், நகராட்சிப் பணியை அளப்போர் யார் என்னும் வினா அன்று மாறியது. இவருடைய நகராட்சிக் காலத்தின் தலையாய செயல் இதுவே எனலாம்.

பின்னர்ச் சென்னை மாகாணப் பிரதமரானபோதும் செய்துபார்த்தலுக்கு இம்மண்ணையே தேர்ந்தார். சேந்தமங்கலம் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் 1இல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் விரிந்தது. கள், சாராய வருவாயின் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது.