எதிரியின் குழந்தைக்காகக் கோர்ட்டுக்குப் போனவர்

லண்டன் நகரத்தின் நடுவில் டிரபால்கர் சதுக்கம் என்று ஒரு பெரிய திடல் இருக்கிறது. எப்பொழுதும் ஜன நடமாட்டம் உள்ள இடம்.

1919-ம் ஆண்டில் ஒரு நாள், அங்கே ஒரு பெண் நின்றுகொண்டு போவோர் வருவோருக்கு எல்லாம் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 42. ஒல்லியான உடம்பு. தலை அதற்குள் நரைத்துவிட்டது. பெரிய இடத்துப் பெண், நன்றாகப் படித்தவர்.

துண்டுப் பிரசுரத்தில் ஒரு குழந்தையின் படம் இருந்தது. உடல் வற்றி, கை கால்கள் குச்சியாகி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அது ஆஸ்திரியா நாட்டுக் குழந்தை. இந்தக் கதிக்குக் காரணம் பிரிட்டிஷ் அரசாங்கம்தான் என்று அதில் அச்சிட்டிருந்தது.

போலீசார் வந்தார்கள். அந்தப் பெண்ணைக் கைது செய்தார்கள்.

அவர்தான் எக்லன்டைன் ஜெப் அம்மையார். இன்று உலகம் முழுவதும் குழந்தைகளின் உரிமை என்று பேசுகிறார்களே, அந்தப் பேச்சை உலக சபையில் முதலில் ஏற்ற வைத்தவர்.

போர் முடிந்தும் பட்டினி

முதல் உலகப் போர் 1918-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி ஓய்ந்தது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தோற்றன. ஆனால் சமாதான ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்துப் போடும் வரை, நேச நாடுகள் முற்றுகையை விடவில்லை.

முற்றுகை என்றால் என்ன? கடலில் போர்க் கப்பல்களை நிறுத்தி, எதிரி நாட்டுக்குச் சாமான் போகாமல் தடுப்பது. தானியம் போகாது. கொழுப்பு, எண்ணெய் போகாது. வியன்னா நகரத்தில் பிள்ளைகளுக்குப் பால் கிடைக்கவில்லை. எலும்பு வளைந்து நடக்க முடியாத குழந்தைகள் பெருகினார்கள். காச நோய் பரவியது.

இங்கிலாந்தில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் இரக்கப்படவில்லை. நான்கு ஆண்டு நடந்த சண்டையில் மகனையோ கணவனையோ பறிகொடுத்த குடும்பங்கள் அவை. எதிரியின் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அவர்களுக்கு என்ன?

ஜெப்பின் தங்கை டாரதிக்கு மட்டும் உண்மை தெரிந்திருந்தது. அவர் போர்க் காலத்தில் அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி, எதிரி நாட்டுப் பத்திரிகைகளைத் தருவித்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டு வந்தார். அந்தப் பத்திரிகைகளில் பட்டினிச் செய்தி வந்துகொண்டே இருந்தது. அக்காளை இந்த வேலையில் இழுத்துவிட்டவர் டாரதிதான். பெயர் அக்காளுக்குப் போனது. விதை தங்கை போட்டது. இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

குழந்தைகளோடு ஒட்டாதவர்

ஜெப் 1876-ம் ஆண்டு ஆகஸ்ட் 25-ந் தேதி, இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் எல்லெஸ்மியர் என்ற ஊரில் பிறந்தார். நிலபுலம் உள்ள குடும்பம். தாயார் கிராமத்து ஏழைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க ஓர் இயக்கமே நடத்தியவர்.

பெண்கள் கல்லூரிக்குப் போவது அபூர்வமாக இருந்த அந்தக் காலத்தில், ஜெப் ஆக்ஸ்போர்டில் சரித்திரம் படித்தார். பிறகு ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆனார்.

அங்கேதான் வேடிக்கை. அவருக்குப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கத் தெரியவில்லை! வகுப்புக்குப் போவதே பெரும் பாடாக இருந்தது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. சீக்கிரமே வேலையை விட்டுவிட்டார். பின்னாளில் லட்சக்கணக்கான குழந்தைகளுக்குச் சோறு போட்டவர், குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சும் சுபாவம் உள்ளவர் அல்ல. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

கேம்பிரிட்ஜ் நகரத்தில் ஏழைகளின் நிலைமையை விசாரித்து 1906-ல் ஒரு புத்தகம் எழுதினார். பள்ளியை விட்டு வரும் ஏழைப் பையன்களுக்கு வேலை தேடிக் கொடுத்தார். தர்மம் செய்கிறவன் கணக்கும் வைக்க வேண்டும் என்ற பாடத்தை அங்கே கற்றார். 1913-ல் பால்கன் சண்டையில் வீடு இழந்தவர்களுக்கு உதவ மாசிடோனியாவுக்குப் போனார். அகதிகளின் கோலத்தை நேரில் கண்டது அப்பொழுதுதான்.

கோர்ட்டில் நடந்த அதிசயம்

1919-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி வழக்கு விசாரணைக்கு வந்தது. தணிக்கை அதிகாரியின் அனுமதி இல்லாமல் பிரசுரம் அச்சிட்டது குற்றம். போர்க் காலச் சட்டம் அப்பொழுதும் அமலில் இருந்தது.

ஜெப் வக்கீல் வைக்கவில்லை. தானே வாதாடினார். சட்டப்படி தன் பக்கம் ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே சட்டத்தை விட்டுவிட்டு, பட்டினி கிடக்கும் குழந்தைகளைப் பற்றியே பேசினார். பத்திரிகை நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

5 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. சிறைக்கே அனுப்பியிருக்கலாம். அதைப் பார்க்கும்பொழுது 5 பவுன் பெரிதல்ல.

கோர்ட்டு கலைந்ததும் சர்க்கார் தரப்பு வக்கீல் சர் ஆர்ச்சிபால்ட் பாட்கின் அவரிடம் வந்தார். சற்று முன்பு வரை அவரைக் குற்றவாளி என்று வாதாடியவர். பையில் இருந்து 5 பவுனை எடுத்து ஜெப்பின் கையில் கொடுத்தார்! குழந்தைகளுக்காக ஜெப் திரட்டிய நிதியில் அதுதான் முதல் பணம் என்று சொல்வார்கள்.

நான்கே நாள் கழித்து, 19-ந் தேதி, லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் பெரிய கூட்டம். எதிரிக்குப் பரிந்து பேசும் துரோகிகள் மீது வீசுவதற்காகச் சிலர் அழுகிய பழங்களோடு வந்தார்களாம். அக்காளும் தங்கையும் பேசினார்கள். கூட்டம் முடிந்தபொழுது பணம் குவிந்தது. குழந்தைகளைக் காப்போம் நிதி அன்று பிறந்தது.

இங்கிலாந்து திருச்சபையின் தலைவர் ஆதரவு தரத் தயங்கினார். ஜெப் நேராக ரோமாபுரிக்கே கடிதம் எழுதிவிட்டார்! போப்பாண்டவர் 15-ம் பெனடிக்ட், கத்தோலிக்க ஆலயங்கள் எல்லாவற்றிலும் குழந்தைகளுக்காகப் பணம் திரட்டும்படி கட்டளையிட்டார். ஜெப் கத்தோலிக்கர் அல்ல.

சோப்பு விற்பது போல

பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார் ஜெப். விளம்பரத் தொழில் தெரிந்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்தார். சோப்பு விற்பது போலவா தர்மத்தை விற்பது என்று பலர் முகம் சுளித்தார்கள். தர்மப் பணத்தை வீணாக்குகிறார் என்றும் சொன்னார்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். எலும்பும் தோலுமான குழந்தையின் படத்தை ஊரெல்லாம் காட்டிப் பணம் கேட்பது சரியா என்ற விவாதம் இன்றும் தீரவில்லை. ஆனால் படம் காட்டாவிட்டால் அந்தக் குழந்தை இருப்பதே யாருக்கும் தெரியாது என்பது ஜெப்பின் கட்சி.

1921-ல் ரஷ்யாவில் வால்கா நதிப் பிரதேசத்தில் மழை பொய்த்தது. உள்நாட்டுப் போரில் ஏற்கனவே களஞ்சியங்கள் காலி. சுமார் 50 லட்சம் மக்கள் பஞ்சத்திலும் கொள்ளை நோயிலும் மாண்டார்கள். ஜெப்பின் நிதி ஒரு கப்பலில் 600 டன் உணவு அனுப்பியது. சரட்டோவ் மாகாணத்தில் கஞ்சித் தொட்டிகள் திறந்தது. சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்கு அங்கே சாப்பாடு கிடைத்தது.

கம்யூனிஸ்டு நாட்டுக்கு உதவியா என்று சில பத்திரிகைகள் சீறின. பஞ்சமே பொய் என்று கூட எழுதின. ஜெப் பதிலுக்குச் சண்டை போடவில்லை. ஒரு காமிராக்காரரை ரஷ்யாவுக்கு அனுப்பி, பஞ்சத்தைச் சினிமாப் படமாக எடுக்கச் செய்தார். இங்கிலாந்தின் ஊர்களில் அந்தப் படம் காட்டப்பட்டது. ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். உள்ளூரில் வேலை இல்லாதவர்களின் பிள்ளைகள் வாடுகிறார்களே என்றும் கேட்டார்கள். அவர்களுக்கும் நிதியில் பங்கு ஒதுக்கினார்.

ஐந்து வாசகம்

கஞ்சி ஊற்றுவது போதாது, உலகம் ஓர் எழுத்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஜெப்புக்குத் தோன்றியது. ஜெனீவாவில் இருந்துகொண்டு ஒரு சாசனம் எழுதினார். ஒரு தாளில் அடங்கும். ஐந்தே வாசகம்.

குழந்தை உடலும் உள்ளமும் வளர வழி செய்ய வேண்டும். பசித்த குழந்தைக்கு உணவும், நோயுற்ற குழந்தைக்கு மருத்துவமும், அனாதைக்கு நிழலும் வேண்டும். ஆபத்து வந்தால் முதல் உதவி குழந்தைக்கு. பிழைக்கத் தொழில் கற்றுத்தர வேண்டும். ஆனால் அதன் உழைப்பைச் சுரண்டக் கூடாது. தன் திறமை பிறருக்கும் உதவவே என்ற எண்ணத்தோடு அது வளர வேண்டும். சாசனத்தின் சாரம் இவ்வளவுதான்.

1924-ம் ஆண்டு செப்டம்பரில் சர்வ தேச சங்கம் அதை ஏற்றது. நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல அது. வாக்குறுதி மட்டுமே. அதை விரிவாக்கி ஐ.நா. சபை 1959-ல் ஒரு பிரகடனம் செய்தது. 1989-ல் நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையாகவே செய்தது. இந்தியா அதில் சேர்ந்தது 1992-ல். அமெரிக்கா 1995-ல் கையெழுத்துப் போட்டதோடு சரி. இன்று வரை உறுதி செய்யவில்லை.

ஜெப் இவற்றை எல்லாம் பார்க்கவில்லை. தைராய்டு சுரப்பி வீங்கும் நோய் அவரை வெகு காலமாக வாட்டி வந்தது. ஆபரேஷன்கள் செய்தும் பிழைக்கவில்லை. 1928-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி ஜெனீவாவில் காலமானார். வயது 52.

ஐரோப்பாவோடு நின்றுவிடக் கூடாது, மற்றக் கண்டத்துக் குழந்தைகளையும் கவனிக்க வேண்டும் என்பது அவருடைய கடைசிக் கால எண்ணம். ஆப்பிரிக்கக் குழந்தைகளைப் பற்றி 1931-ல் ஜெனீவாவில் ஒரு மாநாடு நடந்தது. அதை நடத்தியவர்கள் அவருடைய சங்கத்தார்.

அவரை ஜெனீவாவிலேயே சாதாரண மயானம் ஒன்றில் அடக்கம் செய்திருந்தார்கள். 95 ஆண்டு கழித்து, 2024-ல், நகரத்தின் பெருமக்களுக்கு என்று உள்ள மயானத்துக்கு அவரை மாற்றினார்கள்.