வியன்னா சண்டையைத் தீர்க்க முயன்ற கல்கத்தா மருத்துவர்

முதலாம் படிவ மாணவிகளுக்குப் பள்ளியில் போடும் எச்பிவி தடுப்பூசி, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கானது. மலேசியாவில் அது 2010இல் தொடங்கியது. நம் பாட்டிமார் காலத்தில் அந்த ஊசி இல்லை. நோய் வந்தால் கருப்பையை அகற்றினார்கள். எப்படி அகற்றுவது என்பதில்தான் சண்டை.

வியன்னாவில் 1898இல் வெர்தைம் என்பவர் வயிற்றைத் திறந்து, நோய் பரவும் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்தார். தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான பெண்கள் அந்தச் சிகிச்சையிலேயே இறந்தனர். அவருடைய ஆசிரியர் ஷாவ்டா பிறப்புறுப்பு வழியாகக் கருப்பையை எடுத்தார். உயிரிழப்பு குறைந்தது, கணுக்களோ உள்ளேயே தங்கின.

டாக்டர் சுபோத் மித்ரா (1896–1961) இரண்டையும் இணைத்தார். கருப்பையை ஷாவ்டா போலக் கீழ்வழியாக எடுத்தார். கணுக்களுக்கு மட்டும் அடிவயிற்றின் இருபுறமும் கீறினார். அந்தக் கீறல்களில் குடலை மூடியிருக்கும் சவ்வைத் திறக்கவே இல்லை. கிருமி அதற்குள் புகுவதுதானே பெரிய ஆபத்து! அந்த முறைக்கு அவர் பெயரே நிலைத்தது.

கல்கத்தாவில் 1950இல் மேரி கியூரியின் மகள் ஐரீன் திறந்துவைத்த சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை மித்ராவே நடத்தினார். பின்னர் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1961இல் மருத்துவ மாநாட்டுக்காக அதே வியன்னாவுக்குச் சென்றவர், அங்கேயே காலமானார்.