குடல்நோயை வென்ற சுப்பாராவ்

இன்று யாழ். குடாநாட்டின் கிராமிய வைத்தியசாலைகள் வரை எட்டியுள்ள நுண்ணுயிரெதிரிகளின் வரலாற்றில் மறக்கத்தகாத பெயர் யெல்லாபிரகட சுப்பாராவ். ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895 ஜனவரி 12 ஆம் திகதி பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார். உரிய பட்டத்துக்குப் பதிலாக அதனிலும் தாழ்ந்த எல்.எம்.எஸ். தகைமையே அவருக்குக் கிடைத்தது.

அவர் வாழ்வைத் திசைதிருப்பியது ஒரு குடல்நோய். உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச இயலாமல் உடல் நலிந்துபோகும் 'ஸ்புரூ' எனும் அந்நோய், சில நாள் இடைவெளியில் அவருடைய சகோதரர் இருவரைப் பலிகொண்டது.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று, ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் வறுமையோடு போராடி ஆய்வு செய்தார். ஆயினும், அங்கு அவருக்கு நிரந்தரப் பதவி வாய்க்கவில்லை. 1940 இல் லெடர்லி ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அவர் வழிநடத்திய குழு 1945 இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. அங்கு பணியாற்றிய தாவரவியலாளர் டக்கர், மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றிலிருந்து பெற்ற ஓரியோமைசின், ரெட்ராசைக்கிளின் வகையின் முதல் மருந்தாக 1948 இல் வெளியானது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே, 53 ஆவது வயதில், சுப்பாராவ் காலமானார். சகோதரரைக் கொன்ற நோய்க்கு இன்று வழங்கப்படுபவை போலிக் அமிலமும் ரெட்ராசைக்கிளினுமே.

அம்மருந்துக்கு மறுபக்கமும் உண்டு. குடலில் வாழும் நன்மை தரும் பற்றீரியாக்களையும் அது அழிப்பதால், அவற்றால் அடங்கியிருந்த கன்டிடா எனும் மதுவம் சிலரிடம் பெருகக் கண்டனர். அதனை அடக்கும் நிஸ்ரற்றினை 1950 இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் எனும் அமெரிக்கப் பெண் விஞ்ஞானிகள் அறிவித்தனர். எனினும் அது எல்லோருக்கும் முன்கூட்டியே வழங்கப்படுவதில்லை. தேவையை வைத்தியரே தீர்மானிப்பார்.

தேவையற்ற நுண்ணுயிரெதிரியைத் தவிர்ப்பதே முதன்மையான தடுப்பு. வைரசால் வரும் தடிமனுக்கு அது பயன்படாது. மருந்துச் சீட்டின்றி வாங்குவதும், எஞ்சிய குளிசைகளை அயலாருக்குக் கொடுப்பதும் தகாது. நீரிழிவு உள்ளோரும் ஸ்டீரொயிட் மருந்து பாவிப்போரும் அதனை வைத்தியரிடம் முன்னரே கூற வேண்டும். தயிர் நல்லுணவே, ஆயினும் அது மதுவத்தை நிச்சயம் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் போதாது. வாயில் வெண்படலமோ கடும் வயிற்றோட்டமோ தோன்றின், மருந்தைத் தாமே நிறுத்தாது உடனே வைத்தியரை நாட வேண்டும்.

ஒரு குடும்பத்தின் துயரத்தினூடே பிறந்த தேடல் உலகுக்குத் தந்த மருந்து இது. அதனை அளவறிந்து பாவிப்பதே சுப்பாராவுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.