டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

பெண்கள் உயர்கல்வி பெறுவதே அரிதாயிருந்த காலத்தில், 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார் முத்துலட்சுமி அம்மையார். ஆண்களே பயின்ற மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே சேர்ந்தார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1912-இல் மருத்துவரானார்.

நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். 1927-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் முதல் பெண் உறுப்பினரானதும், பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டுமென வாதாடினார்.

அவருடைய அருமைத் தங்கை புற்றுநோய்க்கு இரையானார். மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க இயலாத துயரம் அம்மையாரின் உள்ளத்தில் அணையாக் கனலாயிற்று. அம்மையும் காலராவும் மக்களை வாட்டிய ஏழை நாட்டில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனையா எனப் பலர் தயங்கினர். அவரோ தளராமல் நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அப்போது அம்மையாருக்கு வயது 67!

1968-இல் அவர் மறைந்தார். அவர் ஊன்றிய வித்து ஆலமரமாயிற்று. சிகிச்சையோடு நில்லாமல், நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் பணியையும் அந்நிலையம் மேற்கொண்டது.

புகையிலையை விலக்கினால் பல புற்றுநோய்களைத் தவிர்க்கலாம். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பூசியாலும் பரிசோதனையாலும் பெரிதும் தடுக்கலாம். ஆயினும் அச்சத்தாலும் நாணத்தாலும் நம் அன்னையர் பலர் காலந்தாழ்த்துகின்றனர். மாணவியராகிய நாம் இதனை நம் இல்லங்களில் எடுத்துரைப்போமாக! அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.