அமெரிக்க கோதுமையும் சி.எஸ். ஐயாவும்

தலைவர்கள் பகுதிக்கு காமராசரையும் பாரதியாரையும் நிறைய பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க. அதனால் நான் சி. சுப்பிரமணியம் பற்றி எழுதுகிறேன். பாரதியார் பேரும் சி. சுப்பிரமணியம்தான், ஆனா இவர் வேற.

இவர் 1910 ஜனவரி 30-ல் பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சென்னையில் சட்டம் படித்தார். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். 1952 முதல் 1962 வரை நம் மாநிலத்தில் அமைச்சர். காமராசர் மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்தப்போ கல்வி அமைச்சர் இவர்தான்.

1964-ல் மத்திய உணவு அமைச்சர் ஆனார். அது யாருமே விரும்பாத பதவி. ஏன்னா நாட்டில் தானியம் இல்லை. 1965, 1966 இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. 1966-ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. அதில் பெரும்பகுதி அமெரிக்க கோதுமை. அங்கே கோதுமை மிஞ்சிக் கிடந்தது. அதை வெளியே அனுப்பினால் அவர்கள் நாட்டு விவசாயிக்கும் விலை விழாது. அதற்கு 1954-லேயே ஒரு சட்டம் போட்டிருந்தாங்க. நாம் ரூபாயிலேயே பணம் கட்டலாம்.

கேர் என்ற அமெரிக்க அமைப்பு நம் பள்ளிகளுக்கும் சாப்பாட்டுப் பொருள் கொடுத்தது. எங்க ஆயா அந்த கோதுமை உப்புமாவுக்காகத்தான் பள்ளிக்கூடம் போச்சாம். பால் பவுடரைக் கையில் கொட்டி நக்கினதை இப்பவும் சொல்லும்.

ஆனா சும்மா யார் கொடுப்பாங்க? அப்போ அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன். அவர் தன் நாட்டு ஏழைகளுக்கு 1964-ல் உணவுச் சீட்டு சட்டம் கொண்டுவந்தவர், நம்ம ரேஷன் கார்டு மாதிரி. அதே மனுஷன் நமக்கு மட்டும் கோதுமையை மாசா மாசம் அளந்து விட்டார். இந்தியா விவசாயத்தைக் கவனிக்காமல் கையேந்துகிறது என்பது அவர் கோபம். வியட்நாமில் அமெரிக்கா குண்டு போடுவதை இந்தியா கண்டித்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த கப்பல் வருமா வராதா என்று இங்கே பயந்துகொண்டு இருந்தாங்க. ஜான்சன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கு. ஆனா பசியில் இருக்கிறவனை அப்படி காக்க வைக்கலாமா?

சி.எஸ். ஐயா சண்டைக்கும் போகவில்லை, கெஞ்சிக்கொண்டும் நிற்கவில்லை. 1965 நவம்பரில் ரோம் நகரத்தில் அமெரிக்க விவசாய மந்திரி ஃப்ரீமனைச் சந்தித்து, விவசாயத்துக்கு அதிகப் பணம் ஒதுக்குவோம் என்று ஒப்பந்தம் செய்தார். அவர் கணக்கு என்னன்னா, இப்போ வாங்கினால்தான் பிறகு வாங்காமல் இருக்க முடியும். விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் கூட நின்றார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரக கோதுமை விதை வந்தது. டெல்லியில் தன் பங்களா முன்னாடி இருந்த புல்வெளியை உழுது அதிலேயே அந்த கோதுமையைப் போட்டுக் காட்டினார்!

எதிர்ப்பு நிறைய. அமெரிக்காவிடம் நாட்டை அடகு வைக்கிறார் என்று கம்யூனிஸ்டுகள் சத்தம் போட்டாங்க. உரம் வாங்க அவ்வளவு டாலர் எங்கே என்று நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியே கேட்டார். அவங்க பயமும் சும்மா இல்லை. பஞ்சாபில் நிலத்தடி நீர் இப்போ பாதாளத்துக்குப் போயிடுச்சு.

1967 தேர்தலில் அரிசிதான் பெரிய பேச்சு. ரூபாய்க்கு மூணு படி என்று தி.மு.க. சொன்னது. நம்ம உணவு அமைச்சர் கோபிச்செட்டிப்பாளையத்தில் தோத்துப் போனார். அடுத்த வருஷமே, 1968-ல், கோதுமை அதுவரைக்கும் இல்லாத அளவு விளைஞ்சுது. மூட்டை அடுக்க இடம் இல்லாமல் வடக்கே பள்ளிக்கூடங்களை மூடி வகுப்பறையில் வைத்தாங்களாம். அறுவடை நேரத்தில் அவர் பதவியில் இல்லை, அதுதான் எனக்கு கஷ்டமா இருக்கு.

அவர் காலத்தில் 1965-ல் தொடங்கிய இந்திய உணவுக் கழகத்தோட கிடங்கு நம்ம பக்கத்து ஆவடியிலேயே இருக்கு. பிறகு மறுபடி மத்திய அமைச்சராகவும், மகாராஷ்டிரா கவர்னராகவும் இருந்தார். 1998-ல் பாரத ரத்னா கொடுத்தாங்க. 2000 நவம்பர் 7-ல் சென்னையில் காலமானார்.

2010-ல் அவர் நூற்றாண்டுக்கு அவர் முகம் போட்ட 5 ரூபாய் காசு வந்தது. எங்க மாமா கடை கல்லாவில் ஒண்ணு கிடைச்சுது. பார்க்கணும்னா காட்டுறேன், கேட்டா தர மாட்டேன்.